பெருவிரல் மூழ்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை, 9ஆம் தேதி

பாப்பாவுக்கு அண்ணி எழுதுவது.

நேற்று எங்கள் சபைக் கூடத்துத் தொட்டியில் நடந்த ஞானஸ்நானத்துக்கு வந்திருந்தவர்கள்: நெட்டை மூப்பர், குட்டை மூப்பர், உன் அண்ணன், நான், தையல்காரம்மா, அவள் கணவர் எடைமேடைக்காரர், சலூன்காரர், அவர் பெண்டாட்டி. எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாக மட்டும் பார்த்ததால் அவரைப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பூனையும் வந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் போய்விட்டது, அதைச் சேர்க்கவில்லை.

மூப்பர் என்றதும் தாடி வைத்த கிழவர்களை நினைத்துக்கொள்ளாதே. எங்கள் மார்மன் சபையில் ஊழியத்துக்கு வரும் பையன்களை அப்படித்தான் அழைப்போம். வீட்டை விட்டு இரண்டு வருஷம், எங்கே போனாலும் ஜோடியாகத்தான். நெட்டையருக்கு மீசை இப்போதுதான் அரும்புகிறது. நம் பேச்சைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். பால்காரரிடம் "தங்கள் எருமை நலமா?" என்று கேட்கிறார். பால்காரர் அன்றிலிருந்து தண்ணீர் கலப்பதில்லை.

போன வாரம் முழுக்க அவருக்கு உட்கார நேரமில்லை. இந்த வெயிலில், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, சைக்கிளில். சலூன்காரருக்குக் கை வேலை செய்தால்தான் காது கேட்கும். அதனால் பாடம் நடக்கும்போதெல்லாம் நெட்டையர் அவர் நாற்காலியில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டார். மனந்திரும்புதலுக்கு ஒரு வெட்டு, விசுவாசத்துக்கு ஒரு வெட்டு. ஞானஸ்நானப் பாடம் வந்தபோது தலையில் வெட்ட ஒன்றுமில்லை. "இனிமே குட்டையரை உட்கார வைங்க, இவரு முடிஞ்சுட்டாரு" என்றாராம் சலூன்காரர். தையல்காரம்மாவோ மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள். சந்தேகம் வந்தால் மிதி நின்றுவிடும். ஒரு மத்தியானம் மெஷின் நெடுநேரம் நின்றே கிடந்தது. பிறகு அவள், "சரி, முங்கிடறேன். ஆனா அவரும் என்கூட முங்கணும். ரெண்டு பேரும் ஒரே நாள்ல" என்றாள்.

அவர் லாரிகளை எடை போடும் மேடையில் வேலை செய்கிறவர். முன்பு லாரி ஓட்டியவர்தான். விபத்தில் இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. ஆள் கனம். ஒரு லாரி போய் அடுத்த லாரி வருவதற்குள் பாடம் நடக்கும். ஜெபத்தின் நடுவில் ஹாரன் அடிப்பார்கள். கண்ணைத் திறக்காமலே, "இருடா, ஆமென் சொல்லிட்டு வர்றேன்" என்பாராம்.

இனி நேற்று நடந்தது. சலூன்காரர் முங்கி எழுந்தார், ஒரே தடவை. தையல்காரம்மா முங்கி எழுந்தாள், ஒரே தடவை. அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். விளக்கு ஏற்றினாற்போல இருந்தது. பிறகு எடைமேடைக்காரர் இறங்கினார்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஆள் முழுதாக மூழ்க வேண்டும். தலைமுடி, விரல்நுனி, உடையின் ஓரம், எது தண்ணீருக்கு வெளியே தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. அதைப் பார்க்க இரண்டு சாட்சிகள் நிற்க வேண்டும். தலைப்பக்கம் குட்டையர், கால்பக்கம் நான்.

நெட்டையர் ஜெபத்தைச் சொல்லி அவரை மல்லாக்கச் சாய்த்தார். தலை போனது, தோள் போனது, வயிறு போனது. இடது கால் பெருவிரல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து நின்றது. குட்டையர் "சரி" என்றார். நான் "இல்லை" என்றேன்.

மறுபடியும் செய்தார்கள். மறுபடியும் பெருவிரல். மூன்றாம் தடவை பாதமே வந்துவிட்டது.

"அம்மா, ஒரு விரல்தானேம்மா! நகம்னு வெச்சுக்குங்களேன்" என்றார் சலூன்காரர்.

உன் அண்ணன் என் காதோரம் வந்து, "ஏம்மா, உனக்குக் கண்ணு சரியாத் தெரியுதா?" என்றார்.

"தெரியுதுங்க. அதனாலதான் சொல்றேன்."

எடைமேடைக்காரர் தொட்டியின் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "என் காலு வேணாங்குது. விட்டுருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போனார். அந்த வெள்ளை உடையோடு, ஈரம் சொட்டச் சொட்ட, காலை இழுத்துக்கொண்டு தெருவோடு போனார். தையல்காரம்மா தலை துவட்டாமல் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. இன்று காலை ஆராதனைக்கு வந்தவள் வாசலோடு நின்று, "அவர் வரலைன்னா எனக்கும் இது வேணாம். நான் மட்டும் கரையேறி என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நெட்டையரை வேறு ஊருக்கு மாற்றியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு மாலை ரயில். முங்கினால் அவர் கையால்தான், வேறு யார் கையாலும் மாட்டேன் என்று முன்பே சொன்னவர் எடைமேடைக்காரர். ஆக, இருப்பது வரும் சனிக்கிழமை ஒன்றுதான். அது தவறினால் இரண்டு பேரும் போய்விடுவார்கள், போவதற்கு நான் காரணமாவேன். பொய் சொல்லவும் என்னால் முடியாது. தண்ணீருக்கு மேலே தெரிந்த விரலைத் தெரியவில்லை என்று கடவுள் முன்னால் எப்படிச் சொல்வேன்?

நீ என்னோடு பேசி மூன்று வருஷமாகிறது. போனிலும் என் எண்ணை நிறுத்தி வைத்திருக்கிறாய். அதனால்தான் கூரியர். பயந்தவர்கள், பருமனானவர்கள், கைகால் வராதவர்கள் எல்லோரையும் நீச்சல்குளத்தில் இறக்கி ஏற்றுகிறவள் நீ. மடங்காத காலோடு ஒரு மனிதரை முழுதாக மூழ்க வைப்பது எப்படி? இதை மட்டும் சொல். மற்ற கோபத்தை எல்லாம் அப்படியே வைத்துக்கொள்.

அண்ணி

*

செவ்வாய், 11ஆம் தேதி

அண்ணி,

கூரியர்காரர் கையெழுத்துக் கேட்டபோது உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். உறை கனமாக இருந்ததால் அண்ணனுக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து வாங்கிவிட்டேன். பிரித்தால் பூனை வந்து போனது வரை எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று தடவை "இல்லை" என்று சொன்னீர்களாம். எனக்கு ஆச்சரியமே இல்லை. எனக்கும் சொன்னீர்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, பெட்டியைக் கீழே வைத்து, "அண்ணி, ஒரு காபி" என்றேன். "இப்ப எங்க வீட்டுல காபி இல்ல பாப்பா. நாங்க விட்டுட்டோம். வெந்நீர் தரட்டுமா?" என்றீர்கள். சபையில் காபி கூடாது என்று விட்டது நீங்கள். நான் எதை விட்டேன்? என் அண்ணன் வீட்டில், நான் பிறந்து வளர்ந்த வீட்டின் சமையலறையில், எனக்கு வெந்நீர். அதைக்கூட நான் மன்னித்திருப்பேன். நீங்கள் சொன்னபோது உங்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. பரீட்சையில் பாஸானவர் முகம்போல. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இதுவரை எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அந்த ஆள் ஈரத்தோடு தெருவில் போனாரே, அது கண்ணிலேயே நிற்கிறது. என்னிடம் வருகிறவர்களும் அப்படிப் போயிருக்கிறார்கள். ஒரு தடவை போனவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

எனவே கிழித்ததை ஒட்டி இதோடு சேர்த்தே அனுப்புகிறேன். இரண்டையும் படியுங்கள்.

நீங்கள் யார் யார் வந்தார்கள் என்று எழுதினீர்கள், வேண்டியதை எழுதவில்லை. தண்ணீர் அவருக்கு எதுவரை வருகிறது, இடுப்பா, மார்பா? தொட்டியின் தரை வழுவழுப்பா, சொரசொரப்பா? சாயும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கிறாரா, விடுகிறாரா? வலது கால் நன்றாக மடங்குகிறதா? உங்கள் நெட்டைப் பையன் அவருக்குப் பின்னால் நிற்கிறானா, பக்கத்திலா? முக்கியமாக, முதலில் மேலே வந்தது விரலா, அல்லது அதற்கு முன்பே இடுப்பு எழும்பியதா? உங்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்கும். உடனே எழுதுங்கள். இது தண்ணீர் விஷயம். காபி விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

பாப்பா

*

புதன், 12ஆம் தேதி

பாப்பாவுக்கு,

நீ ஒட்டி அனுப்பிய காகிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தச் சந்தோஷம் இருந்தது உண்மை. ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீ முகம் கழுவப் போனதும் உன் அண்ணன் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு முக்குக்கடைக்குப் போனார். உனக்காகக் காபி வாங்க. நான் அவரை அனுப்பவில்லை, தடுக்கவும் இல்லை. அவர் திரும்பி வந்தபோது நீ பெட்டியோடு கிளம்பியிருந்தாய். ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தெருமுனை வரை ஓடினார். பஸ் போய்விட்டது. இதைச் சொல்லத்தான் நான் போன் செய்துகொண்டே இருந்தேன்.

இனி நீ கேட்டது. தண்ணீர் அவருக்கு இடுப்பு வரை. எங்கள் குழாயில் அவ்வளவுதான் வரும், காலையில் திறந்துவிட்டால் மாலையில்தான் நிறையும். தரை சொரசொரப்பு. யாரும் வழுக்கி விழக் கூடாது என்று உன் அண்ணன் கூடவே நின்று கொத்தனாரிடம் சொல்லிப் பூச வைத்தார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. எடைமேடைக்காரர் மூச்சை இழுத்து, கன்னம் இரண்டும் உப்ப, கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். வலது கால் மடங்கும், ஆனால் அன்று மடக்கவில்லை, பலகைபோல விறைத்து நின்றார். நெட்டையர் பக்கத்தில், கொஞ்சம் பின்னால். முதலில் எழும்பியது இடுப்பு. பிறகுதான் விரல். நீ கேட்ட பிறகுதான் அது எனக்கே ஞாபகம் வந்தது.

நெட்டையர் தினமும் எடைமேடைக்குப் போகிறார். பேசுவதில்லை. அங்கிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். நேற்று எடைமேடைக்காரர் அவரைக் கூப்பிட்டு, "தம்பி, அதுமேல ஏறி நில்லுங்க" என்றாராம். ஏறி நின்றால் மேடை அசையவே இல்லை. "பாருங்க, லாரி கணக்குல நீங்க இல்லவே இல்ல. நாலு சாப்பாடு சாப்பிடுங்க, அப்புறம் என்னை முக்கலாம்" என்றாராம். சிரித்தாரா என்று கேட்டேன். "அவருடைய வாய் சிரிக்கவில்லை, வயிறு சிரித்தது" என்கிறார் நெட்டையர். அதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது.

மற்ற வேலையும் நிற்கவில்லை. சலூன்காரர் இரண்டு வாடிக்கையாளர்களைப் பாதி சவரத்தில் உட்கார வைத்து மூப்பர்களை அழைத்திருக்கிறார். முகத்தில் சோப்போடு அவர்கள் எங்கே ஓடுவார்கள்? அதில் ஒருவர் வெள்ளிக்கிழமையும் வருகிறேன் என்றிருக்கிறார். சோப்பு இல்லாமலே.

நான் தலையணை உறை தைக்கக் கொடுக்கும் சாக்கில் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். துணியை வாங்கினாள், அளந்தாள், "வெள்ளிக்கிழமை வாங்க" என்றாள். வேறு பேச்சில்லை. முன்பெல்லாம் அக்கா அக்கா என்று வாய் ஓயாது.

காத்திருக்கிறேன்.

அண்ணி

*

வியாழன், 13ஆம் தேதி

அண்ணி,

ஃபிளாஸ்க்கைப் பற்றி எழுதாமலே இருந்திருக்கலாம். இன்று காலை பயிற்சியில் விசில் ஊத மறந்து நின்றேன். பிள்ளைகள் நிறுத்தாமல் நீந்திக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி கரையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், எங்களைக் கொன்னுடாதீங்க" என்று கத்திய பிறகுதான் சுயநினைவு வந்தது.

சரி. கவனமாகப் படியுங்கள்.

அவர் செய்வதும் தப்பு, அந்தப் பையன் செய்வதும் தப்பு, என் அண்ணன் பூச வைத்த தரை எல்லாவற்றையும்விடத் தப்பு. மார்பு நிறையக் காற்றைப் பிடித்துக்கொண்டால் உடம்பு பந்துதான், தண்ணீர் அதை வெளியே தள்ளும். மல்லாக்கச் சாய்த்தால் மடங்காத கால் கிணற்று ஏற்றம்போல ஒரு பக்கம் தாழ மறுபக்கம் எழும். குதிகால் முன்னால் நகர்ந்தால் கால் தரையோடு படுத்துவிடும். ஆனால் சொரசொரப்பில் அது ஒட்டிக்கொள்கிறது. போக வழியில்லாமல் மேலே கிளம்புகிறது. அவருடைய கால் வேண்டாம் என்று சொல்லவில்லை. நகர முடியவில்லை, அவ்வளவுதான். இதை அவரிடம் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது: அவரைப் படுக்க வைக்காதீர்கள், உட்கார வையுங்கள். தாழ்வான முக்காலியில் உட்காருவதுபோல வலது காலை மடக்கி நேர்கீழே இறங்கட்டும். இடது கால் முன்னால் சறுக்கிப் போக வேண்டும். அதற்கு அந்தக் காலில் ஒரு சாக்ஸ் மாட்டுங்கள். பருத்தி வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வழுவழு சாக்ஸ். வெள்ளையாகவே கிடைக்கும், உங்கள் வெள்ளை உடை விதிக்கும் பழுது வராது. கழுத்துவரை போனதும் வாயால் ஊதி மூச்சை முழுக்க விடட்டும், குமிழி வரும். அதன் பிறகு தலையை மட்டும் பின்னால் சாய்த்தால் போதும். தண்ணீர் மார்பு வரை வேண்டும். குழாயை நம்பாதீர்கள், லாரித் தண்ணீர் வாங்குங்கள். எடைமேடைக்காரருக்குத் தெரியாத தண்ணீர் லாரியா?

இதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. உடம்பால் செய்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். முழங்காலில் ஒரு கட்டையைக் கட்டிக்கொண்டு நீங்களே முதலில் இறங்குங்கள். ஆமாம், நீங்கள்தான். வாய்க்காலில் கால் நனைக்கவே என் கையைப் பிடித்துக்கொண்டவர் நீங்கள் என்று தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. இருபது வருஷத்தில் நான் கண்டது: பெரியவர்கள் பாதிப்பேர் தண்ணீருக்குப் பயப்படுவதில்லை. கரையில் நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் பயப்படுகிறார்கள். அவர் கோபம் உங்கள் மேல் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கரையிலேயே நின்றதுதான் அவரை உறுத்தியிருக்கும்.

போன் செய்ய மாட்டேன். நடந்ததை எழுதுங்கள். அண்ணனிடம் தரையைப் பற்றி நான் சொன்னதைச் சொல்லுங்கள்.

பாப்பா

*

ஞாயிற்றுக்கிழமை, 16ஆம் தேதி

பாப்பாவுக்கு,

மூழ்கிவிட்டார்! தலைமுதல் கால்வரை, ஒரு நூலிழை வெளியே தெரியாமல் மூழ்கி எழுந்தார். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. கட்டுவதற்குக் கட்டை தேடினேன். எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் ஒன்று குட்டை, இல்லை தடி. தையல்காரம்மாவிடம் மர அளவுகோல் இருப்பது ஞாபகம் வந்தது. தலையணை உறை வாங்கப் போன இடத்தில் கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள்.

"முழங்காலில் கட்டிக்கணும்."

மெஷின் மிதி நின்றது. உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். கால் வேண்டாம் என்று சொல்லவில்லை, நகர முடியவில்லை என்று நீ எழுதிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு அளவுகோலையும் ஒரு கட்டு நாடாவையும் எடுத்துக்கொண்டு, "நடங்க அக்கா, நானே கட்டி விடறேன். உங்களுக்குக் கட்டத் தெரியாது" என்றாள்.

வழியில் அவள் தண்ணீர் லாரிக்கும் சொல்லிவிட்டதால் மத்தியானத்துக்குள் தொட்டி நிறைந்துவிட்டது. உன் அண்ணனிடம் தரை விஷயத்தைச் சொன்னேன். "கொத்தனார் அப்பவே கேட்டான், இவ்ளோ சொரசொரப்பு எதுக்குன்னு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் என் வெள்ளை உடையில், காலில் அளவுகோலோடு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மார்பு வரை தண்ணீர் வந்ததும் கம்பியை விட மனமே வரவில்லை பாப்பா. நான் ஞானஸ்நானம் எடுத்தபோது கண்ணை மூடினேன், திறந்தேன், முடிந்துவிட்டது. இது அப்படியில்லை. சும்மா, ஜெபமில்லாமல், வேண்டுமென்றே முங்குவது.

முதலில் சாக்ஸ் இல்லாமல் செய்து பார்க்கச் சொன்னாள் தையல்காரம்மா. "அவர் பட்டதை நீங்களும் படணும்ல." உன் அண்ணன் சாய்த்தார். மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி எழுந்தேன். கரையிலிருந்து நிதானமாக ஒரு குரல்:

"விரல் தெரியுதுக்கா."

மறுபடியும் சாய்த்தார்.

"விரல். நகம் வெட்டி ரொம்ப நாளாச்சு போல."

அவள் அனுபவித்துச் சொன்னாள். சொல்லட்டும் என்று இருந்தேன். அடுத்த தடவை நான் தத்தளித்து உன் அண்ணனின் காதைப் பிடித்து இழுத்துவிட்டேன், அவரும் சேர்ந்து உள்ளே போனார். அப்போது வாசல் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். பார்த்தால் எடைமேடைக்காரர்! தண்ணீர் லாரிக்காரர் போய்ச் சொல்லியிருக்கிறார், "உங்க ஆளுங்க அந்தம்மா காலைக் கட்டித் தண்ணியில முக்கறாங்க, என்னன்னு போய்ப் பாருங்க" என்று. மேடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார்.

நான் தலைமுடி முகத்தில் ஒட்ட, வெட்கமாக நின்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொட்டி ஓரம் வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை தடவைம்மா?"

"நீங்க எத்தனையோ அத்தனை."

"எல்லாத்துலயும் விரல் வந்துச்சா?"

"வந்துச்சுன்னு உங்க வீட்டம்மா சொல்றாங்க."

அவர் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னிக்கு எல்லாரும் பரவால்ல பரவால்லன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் இல்லைன்னீங்க. ரொம்பக் கோபம் எனக்கு. அப்புறம் மேடையில உக்காந்து யோசிச்சேன். லோடு கூடின லாரிக்காரன் தினம் என்கிட்ட வந்து, ஒரு மூட்டைதானே அண்ணே, கண்டுக்காதீங்கன்னு கெஞ்சுவான். கூடினா கூடினதுதான்னு இறக்கி வெச்சுட்டுதான் அனுப்புவேன். எனக்குன்னு வந்தா மட்டும் கசக்குது."

பிறகு என்னைப் பார்த்து, "பரவால்லன்னு விட்டிருந்தா ராத்திரி ராத்திரி அந்த விரலையே நினைச்சிட்டுக் கிடந்திருப்பேன். நாளைக்கு நீங்கதான் கால்பக்கம் நிக்கணும். நீங்க ஆச்சுன்னு சொன்னாதான் எனக்கு ஆச்சு" என்றார்.

சாக்ஸை மாட்டிக்கொண்டு நான் கடைசியாக ஒரு தடவை இறங்கினேன். முக்காலியில் உட்காருவதுபோல இறங்கி, ஊதி மூச்சை விட்டேன். குதிகால் தானாக முன்னால் சறுக்கிப் போனது. தலைக்கு மேலே தண்ணீர் மூடியது. உள்ளே எவ்வளவு அமைதி பாப்பா! நீ ஏன் அதை விட்டு வர மாட்டேன் என்கிறாய் என்று அந்த ஒரு கணத்தில் எனக்குப் புரிந்தது. எழுந்தபோது தையல்காரம்மா விரலைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. துண்டை நீட்டினாள்.

நேற்று சனிக்கிழமை. போன வாரம் இருந்த அத்தனை பேரும் இருந்தார்கள், சோப்பு வாடிக்கையாளர் கூடுதலாக வந்திருந்தார். எதிர்வீட்டு அம்மா ஜன்னலை விட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததால் இந்தத் தடவை முழுதாகவே சேர்த்துக்கொள்ளலாம். எடைமேடைக்காரர் ஒரு காலில் மட்டும் வெள்ளை சாக்ஸோடு இறங்கினார். சலூன்காரர் வாயைத் திறந்தார், அவர் பெண்டாட்டி கிள்ளி மூடவைத்தார்.

நெட்டையர் கையை உயர்த்தி ஜெபத்தைச் சொன்னார். ஒரு எழுத்து பிசகவில்லை. எடைமேடைக்காரர் வலது காலை மடக்கி உட்கார ஆரம்பித்தார். நீ சொன்ன மாதிரியே கழுத்து வரை, பிறகு குமிழி. அந்தக் கனத்த உடம்பு பாரமே இல்லாததுபோல இறங்கியது. சாக்ஸ் தரையோடு சறுக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. தண்ணீருக்குள்ளேயே வந்தது, உள்ளேயே நின்றது. தலை மூழ்கியது. தண்ணீர் மேலே மூடிக் கண்ணாடிபோல ஆனது.

எழுந்து நின்றவர் முகத்தைத் துடைக்கவில்லை. யாருமே தண்ணீரைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"முழுசா மூழ்கிட்டாரு" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?" என்றார் அவர்.

"நல்லாப் பாத்தேன் அண்ணே. ஆச்சு."

அவ்வளவுதான், அந்த அறையில் எழுந்த சத்தத்தைக் கேட்டுத் தெருவே வந்துவிட்டது. தையல்காரம்மா உலர்ந்த சேலையோடு தொட்டிக்குள் இறங்கி அவரைக் கட்டிக்கொண்டாள். "ரெண்டாவது வாட்டி கணக்கில சேராது" என்று சலூன்காரர் கத்தினார். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் குட்டையர் பாட்டை ஆரம்பித்துவிட்டார், ஆளுக்கொரு ராகத்தில் எல்லோரும் பாடினோம். நெட்டையர் தண்ணீரிலேயே நின்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய அந்த அழகான புத்தகப் பேச்சு எங்கே போனதோ, "அண்ணே, ஐயோ அண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று மாலை அவரை ரயில் ஏற்றிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். எடைமேடைக்காரர் அவர் பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கி வந்தார். ரயில் நகரும்போது, "அடுத்த ஊர்ல நாலு சாப்பாடு சாப்பிடுங்க தம்பி" என்று கத்தினார்.

திரும்பி வரும் வழியில் ஒரு சேதி சொன்னார். அவர் கூட வேலை செய்கிற காவலாளி, பக்கவாதத்தில் ஒரு பக்கம் வராதவர், சனிக்கிழமை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். தனக்கும் பாடம் எடுக்கச் சொல்கிறாராம். "கால்பக்கம் சாட்சியா இந்தத் தடவை நான் நிக்கறேன். ஆனா அவரை எப்படி இறக்கறதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்த நீச்சல்காரம்மாவைக் கூப்பிடுங்க" என்றார். ஒரு பக்கம் வராதவரைப் பற்றி நீ கடிதத்தில் எழுதி அனுப்பினால் போதாது. அவரைப் பார்த்து, தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று நீயே சொல்வாய்.

நீ எங்கள் சபைக்கு வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. தொட்டிக்கு வா. உன் அண்ணன் தரையை இடித்துப் புதிதாகப் பூசப் போகிறார், எவ்வளவு வழுவழுப்பு என்று நீ வந்து நின்று சொன்னால்தான் கொத்தனாரை அழைப்பாராம். அதுவரை தொட்டி காலியாகத்தான் கிடக்கும்.

எந்த நாள் வருகிறாய்? சீக்கிரம் பதில் எழுது.

அண்ணி